பாவு நீட்ட ஆள் வேண்டும்

(உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி ஆரணியில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில், மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வேலூரிலிருந்தும் செய்யாறிலிருந்தும் காலைப் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். வர இயலாமற்போனவர்கள் இதை மடலில் வாசித்துக்கொள்வார்கள். உங்கள் ஜெபங்களும் காணிக்கைகளும் இல்லாமல் இந்த ஊழியம் ஒரு நாளும் நடந்ததில்லை. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

பல ஆண்டுகளாக நம்மைத் தாங்கிவரும் மூத்த சகோதரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். முன்பெல்லாம் மடலில் எச்.ஐ.வி. நோயாளிகளின் படங்கள் வரும், அதைப் பார்த்துக் குடும்பமாக முழங்காற்படியிடுவோம், இப்போது கட்டடப் படமும் வரவு செலவுக் கணக்கும்தான் வருகிறது, அந்த ஊழியம் நின்றுவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுத உட்கார்ந்தோம். நான்கு பக்கம் ஆகியும் முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்லப்போகிறோம்.

இந்தக் கிருமி இந்தியாவில் நுழைந்திருப்பது முதன்முதலில் தெரியவந்தது நம் அண்டை ஊரில்தான். இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. 1986ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்துகொண்டிருந்த இளம் மருத்துவர் செல்லப்பன் நிர்மலா, தாம் சேகரித்த இரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்தார். சோதித்துப் பார்த்ததில் ஆறு மாதிரிகளில் நிறம் மாறியது. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்த காரியம். ஆனாலும் அடுத்த ஏழெட்டு வருஷம் அது பட்டணத்து நோய், லாரிக்காரர் நோய் என்றுதான் ஆரணியில் நாம் பேசிக்கொண்டிருந்தோம். நெசவாளர் வீட்டுக்கு வராது என்று நினைத்தோம். வந்தது.

வந்தபோது மருந்து இல்லை. அதாவது, மருந்து உலகத்தில் இருந்தது, கூலிக்கு நெய்கிறவன் வாங்கக்கூடிய விலையில் இல்லை. தாம்பரம் சானடோரியத்துக்குப் போய் இடமில்லாமல் திரும்பியவர்களும், போக வண்டிச் சத்தம் இல்லாதவர்களும் நம்மிடம் வந்தார்கள். மருத்துவ வார்டின் கோடியில் ஆறு கட்டில் போட்டோம். வாய்ப்புண்ணுக்கு மருந்து தடவினோம், காசநோய்க்கு மாத்திரை கொடுத்தோம், கேழ்வரகுக் கஞ்சி ஊட்டினோம், கடைசியில் அடக்கம் பண்ணினோம். அந்த நாட்களில்தான் நீங்கள் பார்த்த படங்களை எடுத்தோம். அவர்கள் சம்மதித்தார்கள் என்று அப்போது எழுதினோம். சாகக் கிடக்கிற மனுஷன், தனக்குக் கஞ்சி கொடுக்கிறவர்களிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்லுவான்? அந்தக் கேள்வி அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆறு பேரின் கேஸ் தாள்களில் மூலையில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு வைத்தோம். தட்டும் டம்ளரும் தனி. எங்கள் ஊழியர்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டோம். தட்டினாலோ டம்ளரினாலோ இந்தக் கிருமி பரவாது என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். ஒரு தாய் தன் மகனுடைய கட்டிலருகே நின்று, "அந்தச் சிவப்பை அழிச்சுடுங்கம்மா, வார்டு பெருக்கற பொண்ணு எங்க தெரு" என்று கேட்டார்கள். மறுவாரம்தான் அழித்தோம். அதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

2004 ஏப்ரல் முதல் தேதியன்று அரசாங்கம் கூட்டு மருந்தை, அதாவது ஏ.ஆர்.டி. மாத்திரைகளை, இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தாம்பரம் போன்ற சில இடங்களில். பிறகு மாவட்டங்களுக்கும் வந்தது. நாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுகிறோம். ஸ்ட்ரெச்சரில் வந்தவர் மூன்று மாதத்தில் நடந்து வந்தார். ஆறு மாதத்தில் சைக்கிளில் வந்தார். நம் ஆறு கட்டிலும் ஒவ்வொன்றாகக் காலியாயிற்று. இன்று அங்கே சர்க்கரை நோயாளிகளும் காய்ச்சல்காரர்களும் படுத்திருக்கிறார்கள். கர்த்தர் பெரிய காரியம் செய்தார், நம் வேலை முடிந்தது என்று நன்றி ஆராதனையும் வைத்தோம்.

முடியவில்லை என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நெசவாளர். அவருடைய பெயரும் தெருவும் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறோம். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எடை கூடியிருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கையும் நன்றாக ஏறியிருந்தது. ஒரு நாள் காலையில் துணிப்பையோடு வந்து, "என்னை வார்டிலே சேர்த்துக்குங்க" என்றார். சோதித்துப் பார்த்தோம், ஒரு வியாதியும் இல்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. வீட்டிலே எனக்கு வேலை இல்லை" என்றார்.

பட்டுப்புடவையைக் கடையில் மட்டும் பார்த்திருக்கிறவர்களுக்காக இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நெசவாளர் தன் வீட்டிலேயே, தரையில் தோண்டிய குழியில் காலை வைத்து உட்கார்ந்து, மிதிபலகையை மிதித்து நெய்வார். மனைவி தார் சுற்றுவாள். ஆனால் தறியில் உட்காருவதற்கு முன்னே பாவு தயாராக வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டு, காயவைத்துச் சுருட்டுவார்கள். அதற்கு நாலைந்து பேராவது வேண்டும். கூலி கிடையாது. இன்றைக்கு என் பாவுக்கு நீ வா, நாளைக்கு உன் பாவுக்கு நான் வருகிறேன் என்பதுதான் கணக்கு. இப்போது இயந்திரங்கள் வந்து சில இடங்களில் இது குறைந்திருக்கிறது. அந்த மனிதருடைய தெருவில் அன்றைக்குக் குறையவில்லை.

அவருடைய பாவுக்கு ஒருவரும் வரவில்லை. சண்டை போட்டு அல்ல. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், இன்னொருவர் மறந்துவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே. முதலாளி விஷயத்தைக் கேள்விப்பட்டு, "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பட்டு கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். அவரும் கெட்டவர் அல்ல. கல்யாணத்துக்கு வாங்குகிற புடவையை யார் நெய்தது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் தம் வியாபாரம் என்னாகும் என்று பயந்தார். 2000களின் ஆரம்பத்தில் ஊரெங்கும் புள்ளிராஜா சுவரொட்டி ஒட்டியிருந்தது நினைவிருக்கும். நல்ல எண்ணத்தோடுதான் ஒட்டினார்கள். ஆனால் நம் நெசவாளர் தெருவில் நடந்தால் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள்.

இதோடு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அந்த நாட்களில் கொடுத்த கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்று ஒன்று சேர்ந்திருந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், அதற்கு நன்றியுள்ளவர்களாயிருக்கிறோம். ஆனால் பலருக்கு அதனால் பாதம் மரத்துப்போகும், இரவில் எரியும். கன்னம் ஒட்டிப்போய் முகத்தைப் பார்த்தாலே ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். பாதம் மரத்துப்போனால் குமாஸ்தா சமாளித்துக்கொள்வார். குழித்தறியில் மிதிபலகை மிதிக்கிறவர் என்ன செய்வார்? கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்து மிதித்தார் அவர். உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. பிறகு நம் நாட்டிலும் மாறிற்று. இன்றைக்கு டொலுட்டெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு வேளை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தப் பழைய துன்பம் இல்லை.

அந்த மனிதர் துணிப்பையோடு நின்றபோது எங்களில் மூத்தவர் ஒருவருக்கு வேலூர்க் கதை நினைவுக்கு வந்தது. டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியது உலகறிந்த செய்தி. அதற்குப் பின் நடந்ததை நாம் அதிகம் சொல்வதில்லை. கை நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கின கையைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, தொழுநோய் இருந்தவன் என்று வேலையும் யாரும் கொடுப்பதில்லை, நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று. கையைக் குணமாக்கினால் போதாது என்று கண்டுதான் அங்கே நவஜீவ நிலையம் என்று ஏற்படுத்தி, தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னே நம் பக்கத்து ஊரில் படித்த பாடத்தை நாங்கள் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து படித்தோம்.

அதன்பின் நாங்கள் கேட்கிற கேள்விகள் மாறின. உலகச் சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அறிய 31 கேள்விகள் கொண்ட ஒரு தாள் வைத்திருக்கிறது. உடல், மனம், பிறர் உதவியில்லாமல் வாழும் நிலை, உறவுகள், சுற்றுப்புறம், ஆவிக்குரிய நம்பிக்கை என்று ஆறு பகுதி. நோயைப் பற்றிப் பிறர் குறை சொல்வது எவ்வளவு வருத்துகிறது, எதிர்காலத்தை நினைத்துப் பயம் உண்டா, வேலை செய்யும் சக்தி திருப்தியாயிருக்கிறதா என்றெல்லாம் வரும். தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். வாழ்க்கையில் சந்தோஷம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒரு விதவைச் சகோதரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்றார்கள். பதில் சொல்லவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டோம்.

பெண்களின் காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் வருகிற தாய்மாரில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். கணவர் இறந்தபின், "நீதான் என் மகனைக் கொன்றாய்" என்று மாமியார் வீட்டில் சொல்லி, தறியையும் வைத்துக்கொண்டு, மருமகளைப் பிள்ளையோடு வெளியே அனுப்பியதை நாங்கள் ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்திருக்கிறோம். முன்பு கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணை வெளியேற்றக்கூடாது என்கிறது. பெற்றோரை இழந்த வீட்டில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட விவரம் தெரிந்த மூத்த பிள்ளை, தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக நின்று பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைக் கவனிக்கவும் இடம் கொடுக்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. தாலுகா அலுவலகத்துக்கு அந்தத் தாயோடு கூடப்போக ஆள் வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, நம் சமூகப் பணியாளர் இப்படிக் கூடப்போகிற நாட்களுக்குச் செலவாகிறது. படம் எடுக்கிற மாதிரியான வேலை அல்ல அது. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பதுதான்.

மாத்திரை இலவசம். போய்வருகிற நாள் இலவசமல்ல. திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போய்த் திரும்பினால் ஒரு நாள் நெசவு போயிற்று. பக்கத்தில் வாங்கலாம் என்றால் வரிசையில் தெரிந்தவர் நிற்பாரோ என்று பயந்து, தூரத்து மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. நன்றாயிருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தபின் பாரம் சற்றுக் குறைந்திருக்கிறது. பஸ் கட்டணத்தை நாம் கொடுக்கிறோம். நம் மருத்துவமனைப் பெயர் எழுதிய வண்டி அந்தத் தெருக்களில் இப்போது நிற்பதில்லை. ஒரு சகோதரி மாத்திரையைத் தார்க்குச்சி வைக்கிற டப்பாவில் வைத்திருக்கிறார்கள். ஒன்பது மணிச் சங்கு ஊதினால் எழுந்துபோய் ஒரு தாரை எடுத்து வருவதுபோல் போட்டுக்கொள்வார்களாம். பத்து வருஷமாகக் கூடவே இருக்கிற நாத்தனாருக்குத் தெரியாது.

மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நீங்கள் அறிந்து போக வேண்டும், ஏனென்றால் திருச்சபையில்கூடப் பழைய பயமே இருக்கிறது. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் இருந்தன. தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் தெரிந்தது. பின்வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லின: இரத்தச் சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நிலைத்திருந்தால், தாம்பத்திய உறவின் மூலம் பரவுவதில்லை. தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்கு வரும் அபாயம் நூற்றுக்குப் பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. சிகிச்சை பெற்றால் ஐந்துக்கும் கீழே. 2017 முதல் சி.டி.4 எண்ணிக்கைக்குக் காத்திராமல், கிருமி இருப்பது தெரிந்தவுடனே எல்லாருக்கும் மருந்து. நம்பிக்கை மையத்தில் சோதனையும் இலவசம். நம்மிடம் திருமண ஆலோசனைக்கு வந்த இருவர், இருவருக்கும் கிருமி உண்டு, பெற்ற பிள்ளைக்கு இல்லை. பதினெட்டாம் மாதச் சோதனை முடிந்த அன்று தகப்பன் பேசவேயில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

இனி சபைக்கு ஒரு வார்த்தை. கோபப்படாமல் கேளுங்கள், எங்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். இங்கல்ல, வேறோர் ஊரில், ஒரு சபையில் திருவிருந்துப் பாத்திரத்தை அந்த ஒருவருக்கு மட்டும் கடைசியில் கொடுங்கள் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். அவர் அதற்குப்பின் ஆலயத்துக்கு வரவில்லை. அதைவிட அடிக்கடி நடக்கிறது இன்னொன்று. ஜெபக்குறிப்பு. "இன்னார் மகனுக்காக ஜெபிப்போம், வியாதி என்னவென்று கர்த்தருக்குத் தெரியும்" என்று ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொல்லுகிறார், நல்ல மனதோடுதான். கூட்டம் கலையுமுன் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பெரும்பாடுள்ள ஸ்திரீ கூட்டத்துக்குள் பின்னாக வந்து, ஆண்டவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டதை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! அவள் ஏன் பின்னாக வந்தாள் என்று நிறுத்தி யோசித்தது குறைவு. ஆண்டவர் அவளைக் கண்டு பேசினார், ஆனால் அவள் தானே வாய் திறந்து சொன்னாள். அவளுக்காக வேறு யாரும் சொல்லவில்லை. எங்கள் மருத்துவமனையின் ஜெப அட்டையில் இப்போது பெயர்கள் இல்லை, "தறியில் இருக்கிறவர்கள்", "பிள்ளை எதிர்பார்த்திருக்கிறவர்கள்" என்று மட்டும் எழுதுகிறோம்.

அந்த நெசவாளர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வார்டில் சேர்க்கவில்லை. முதலாளியிடம் போய், ஒரு பாவுக்கான பட்டுக்கு நாங்கள் ஜாமீன் நிற்கிறோம் என்றோம். நோயைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பாவு நீட்டுகிற காலையில் எங்களில் இரண்டு பேர் போனோம். இழையைப் பிடிக்கத் தெரியாமல் சிக்கலாக்கிவிட்டோம். எதிர்வீட்டுக் கிழவியம்மாள் திண்ணையிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்து, "விடுங்க, பட்டு பாழாகுது" என்று எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அன்பினாலா என்றால் அப்படிச் சொல்ல மாட்டோம். அடுத்த வாரம் அந்த அம்மாள் வீட்டுப் பாவு இருந்தது, அதற்கு ஆள் வேண்டும். அவர் போய் நின்றார். ஒன்றும் ஆகவில்லை என்று தெரு பார்த்தது. மூன்றாவது பாவுக்கு எங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். கண் பார்வை கொஞ்சம் மங்கியிருக்கிறது. அது வயதினால், அதற்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவருடைய படத்தை மடலில் போடலாமா என்று நாங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்கப் போவதுமில்லை. எங்களுக்குக் கடிதம் எழுதிய சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷத்துத் தேவைகள் மூன்று. பஸ் கட்டண நிதி வற்றியிருக்கிறது. ஜாமீன் நிதியில் போன வருஷம் இரண்டு பாவுக்கான பணம் திரும்ப வரவில்லை, அதை ஈடுகட்ட வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீடுகளில் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவர இன்னொரு பணியாளர் வேண்டும், ஏனென்றால் இவர்களில் உயிரைக் கொண்டுபோகிற நோய் இன்றைக்கும் முக்கியமாக அதுதான். காணிக்கைக் கவர்கள் வாசலருகே மேஜைமேல் இருக்கின்றன. ரசீது வேண்டுவோர் முகவரியைத் தெளிவாக எழுதுங்கள்.

இப்போது போதகர் ஐயா ஜெபிப்பார்கள். அதன்பின் எல்லாருக்கும் தேநீர் உண்டு.